ஒரே நெகட்டிவ், பல விலைகள்: கேலரியில் புகைப்படம் வாங்குவது

1941 நவம்பர் 1ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியே காரில் வந்துகொண்டிருந்த ஆன்செல் ஆடம்ஸ், சட்டென்று வண்டியை நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்தார். கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள்மீது கடைசி வெயில், அதற்கு மேலே நிலா. அந்த ஒரு நெகட்டிவிலிருந்து அவர் தம் வாழ்நாளில் 1,300க்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டதாகச் சொல்கிறார்கள். அவை எல்லாம் ஒன்றுபோல் இல்லை. ஆரம்ப கால பிரிண்ட்களில் வானம் சாம்பல் பூத்து, மேகக்கீற்றுகள் தெரிய இருக்கும். 1970களில் போட்டவற்றில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நடுவே 1948ல், நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனக் கரைசலில் மறுபடி பதப்படுத்தி அடர்த்தியைக் கூட்டினார். அதன்பிறகு போட்ட பிரிண்ட்களில் ஊரும் சிலுவைகளும் முன்னைவிடத் துலக்கமாக வந்தன. ஆடம்ஸ் இளமையில் முறையாகப் பியானோ பயின்றவர். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது அதை வாசிப்பது என்று அவரே விளக்குவதுண்டு.

1948ல் போட்ட ஒரு பிரிண்ட் 2006ல் சோதபீஸ் ஏலத்தில் 6,09,600 டாலருக்குப் போனது. அதே காட்சி சுவரொட்டியாகச் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும். இந்த இரண்டு விலைகளுக்கும் இடையில் பல படிகள் உண்டு. கேலரிக்குள் நுழையும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் படிகளைத்தான். நீங்கள் விலை கொடுத்து வாங்குவது ஒரு குறிப்பிட்ட தாள். அதை யார் போட்டார், எப்போது போட்டார், எத்தனை போட்டார், எதில் போட்டார் என்ற நான்கு கேள்விகளின் விடைதான் விலை. படம் பிடித்திருக்கிறதா என்பதை நீங்களே சொல்லிவிடலாம். மற்ற நான்கையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

யார் போட்டது, எப்போது போட்டது

படம் எடுத்த சில ஆண்டுகளுக்குள், பெரும்பாலும் ஐந்தாண்டுக்குள், கலைஞரே போட்ட அல்லது அவர் கண்காணிப்பில் போட்ட பிரிண்டை ‘விண்டேஜ்’ என்பார்கள். அதே கலைஞர் இருபது முப்பது ஆண்டு கழித்துப் போட்டது ‘பிற்கால பிரிண்ட்’. அவர் மறைந்தபின் குடும்பமோ அறக்கட்டளையோ போடச் செய்தது ‘எஸ்டேட் பிரிண்ட்’. விலை பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இறங்கும்.

எட்வர்ட் வெஸ்டனின் கதையைப் பார்த்தால் இது தெளிவாகும். 1930ல் ஒரு குடைமிளகாயை அவர் எடுத்த ‘பெப்பர் எண் 30’ நவீனப் புகைப்படக் கலையின் சின்னங்களில் ஒன்று. பின்னாளில் அவருக்கு நடுக்குவாத நோய் வந்தது. 1948க்குப் பிறகு அவரால் படம் எடுக்க முடியவில்லை. 1950களில் அவர் பக்கத்திலிருந்து பார்க்க, மகன் பிரெட் அவருடைய நெகட்டிவ்களைப் பிரிண்ட் போட்டார். 1958ல் வெஸ்டன் மறைந்தபின் இன்னொரு மகன் கோல் பல ஆண்டுகள் தொடர்ந்து போட்டார். ஆக, ஒரே மிளகாய் மூன்று கைகளிலிருந்து வந்திருக்கிறது. தந்தை போட்டது அருங்காட்சியகங்களும் பெரும் சேகரிப்பாளர்களும் வாங்கும் விலை. கோல் போட்டது ஓரளவு வசதியுள்ள நடுத்தரக் குடும்பம் திட்டமிட்டு வாங்கக்கூடியது. கோலின் பிரிண்ட்கள் நேர்த்தியானவை, யார் போட்டது என்பதையும் மறைக்காதவை. அவற்றை இரண்டாந்தரம் என்று ஒதுக்குவது தவறு என்பது என் கருத்து. கேலரி அதைக் ‘கோல் போட்டது’ என்று சொல்லி விற்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். பிரெட் வெஸ்டன் தம் சொந்தப் படங்களுக்கு நேர் எதிரான முடிவை எடுத்தார். தமக்குப் பிறகு வேறு எவரும் பிரிண்ட் போடக்கூடாது என்று 1991ல், தம் 80ஆம் பிறந்தநாளில், நெகட்டிவ்களை நெருப்பிலிட்டார்.

எல்லாக் கலைஞர்களும் இருட்டறையில் தாமே நிற்பதில்லை. 1950ல் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்த ஆன்றி கார்த்தியே-பிரசோன், பிரிண்ட் போடும் வேலையைப் பாரிஸின் தேர்ந்த இருட்டறைக் கலைஞர்களிடம் விட்டுவிட்டார். அவர் கையெழுத்திட்டு, விளிம்பில் தம் அழுத்த முத்திரையைப் பதித்தால் அது அவர் ஏற்றுக்கொண்ட பிரிண்ட். ‘கலைஞர் கையாலேயே போட்டதா?’ என்ற கேள்வி ஆடம்ஸிடம் பொருந்தும், இவரிடம் பொருந்தாது. ஒவ்வொரு கலைஞரின் வழக்கத்தையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நல்ல கேலரிக்காரர் உங்களுக்கு உதவுவது இங்கேதான்.

குறைந்த செலவில் நேர்மையான தொடக்கம் வேண்டும் என்பவர்களுக்கு யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள ஆன்செல் ஆடம்ஸ் கேலரியின் முறையை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ஆடம்ஸின் மனைவி விர்ஜினியாவின் தந்தை 1902ல் தொடங்கிய ஸ்டுடியோ அது. யோசெமிட்டி படங்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, பயணிகளும் வாங்கும் விலையில், மூல நெகட்டிவிலிருந்தே உதவியாளர் பிரிண்ட் போட ஆடம்ஸ் ஏற்பாடு செய்தார். 1975 முதல் ஆலன் ராஸ் அந்த வேலையைச் செய்துவருகிறார். ஆடம்ஸ் கையெழுத்திட்டது பல ஆயிரம் டாலர். ராஸ் போட்டது சில நூறு டாலர். நெகட்டிவ் ஒன்றே. வீட்டுச் சுவரில் மாட்டி நாள்தோறும் பார்க்க வேண்டும் என்பதே நோக்கமானால், இரண்டாவதில் உங்களுக்குக் குறை ஒன்றும் இருக்காது.

எத்தனை போட்டது

பிரிண்டின் ஓரத்திலோ பின்புறத்திலோ ‘5/25’ என்று எழுதியிருந்தால், 25 பிரிண்ட்களோடு நிறுத்துவதாகக் கலைஞர் வாக்களித்த எடிஷனில் இது ஐந்தாவது. எண் சிறியதாக இருந்தால் தரம் உயர்வு என்பதில்லை. இதற்கு வெளியே ‘ஏ.பி.’ என்று குறித்த கலைஞர் பிரதிகள் இரண்டு மூன்று இருக்கும்; அவற்றையும் சேர்த்துத்தான் மொத்தத்தைக் கணக்கிட வேண்டும். புகைப்படத்தில் எண் போடும் வழக்கம், கேலரிகள் பெருகிய 1970களுக்குப் பிறகே பரவலானது. அதற்கு முந்தைய தலைமுறையில் பெரும்பாலோர் எண் போடவில்லை. கேட்பவருக்குக் கேட்டபோது போட்டுக் கொடுத்தார்கள். ஆகவே பழைய பிரிண்டில் எண் இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம்.

பல கேலரிகள் எடிஷன் விற்க விற்க விலையை ஏற்றும். முதல் பத்து ஒரு விலை, அடுத்த பத்து அதைவிடக் கூடுதல், கடைசி ஐந்துக்கு மிகவும் கூடுதல். இதில் தவறில்லை; ஆனால் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இயற்கைக் காட்சிகளைச் சதுரமான சிறிய பிரிண்ட்களாகத் தாமே இருட்டறையில் போடும் மைக்கேல் கென்னா பல படங்களுக்கு 45 என்ற எண்ணிக்கையை வைத்திருந்தார். இன்னும் பலர் 5, 7, 10 என்று நிறுத்துகிறார்கள்.

அந்த எண்ணிக்கை எதைக் கட்டுப்படுத்துகிறது என்ற கேள்வியை நியூயார்க் நீதிமன்றம் வரை கொண்டுபோனது வில்லியம் எகிள்ஸ்டன் வழக்கு. வண்ணப் புகைப்படத்துக்குக் கலை மதிப்பைப் பெற்றுத் தந்தவர்களில் முதன்மையானவர் அவர். மெம்ஃபிஸ் நகர வீதியில் நிற்கும் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் படம் உட்படப் பலவற்றை ‘டை டிரான்ஸ்ஃபர்’ என்ற கடினமான முறையில் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டிருந்தார். 2012 மார்ச்சில், அதே படங்களில் சிலவற்றைப் பெரிய அளவில், டிஜிட்டல் முறையில் புதிதாகப் போட்டு கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார்கள். 36 பிரிண்ட்கள் சுமார் 59 லட்சம் டாலருக்குப் போயின. சைக்கிள் மட்டும் 5,78,500 டாலர். பழைய பிரிண்ட்களை வாங்கி வைத்திருந்த ஜொனதன் சோபல் என்ற சேகரிப்பாளர், தம் பிரிண்ட்களின் மதிப்பு போய்விட்டது என்று வழக்குப் போட்டார். 2013ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வேறு அளவில், வேறு முறையில் போட்டது புதிய எடிஷன். பழைய எடிஷன் அப்படியே இருக்கிறது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். வாங்குபவர் தம் பாதுகாப்பைத் தாமே கேட்டுப் பெற வேண்டும் என்பதையும் அது காட்டிவிட்டது. ‘இந்தப் படம் வேறு அளவுகளில் இருக்கிறதா? எல்லா அளவும் சேர்த்து மொத்தம் எத்தனை? எதிர்காலத்தில் வேறு தாளில், வேறு முறையில் போடும் உரிமையைக் கலைஞர் வைத்திருக்கிறாரா?’ என்று கேளுங்கள். பதிலை ரசீதிலோ சான்றிதழிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

எதில் போட்டது

கறுப்பு வெள்ளையில் நெடுநாள் நிலைப்பது, ஃபைபர் தாளில் முறையாகக் கழுவிப் போட்ட சில்வர் ஜெலட்டின் பிரிண்ட். செலினியம் டோனிங் என்ற ரசாயனப் பதப்படுத்தல் செய்திருந்தால் இன்னும் உறுதி. பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாள் வேகமான வேலைக்காக வந்தது. சேகரிப்புக்கு அது இரண்டாம்பட்சம். பிளாட்டினம் பிரிண்ட் தாளின் நாரிலேயே படிந்திருக்கும், பளபளக்காது, மிக நிதானமான சாம்பல் நிறங்களைக் காட்டும். விலையும் அதற்கேற்றது.

வண்ணத்தில் எச்சரிக்கை தேவை. ‘சி-பிரிண்ட்’ எனப்படும் பழைய வண்ணத் தாள்களின் சாயம் வெளிச்சத்தில் மட்டுமல்ல, இருட்டிலும் மங்கும். 1970களைச் சேர்ந்த பல சி-பிரிண்ட்கள் இன்று செந்நிறம் தட்டி நிற்கின்றன. நம் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பங்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். டை டிரான்ஸ்ஃபர் இருட்டில் நன்றாக நிலைக்கும், ஆனால் அதற்கான பொருட்களைக் கோடக் 1990களிலேயே நிறுத்திவிட்டது. இன்று வண்ணத்தில் பெரும்பாலோர் கொடுப்பது பருத்தித் தாளில் நிறமி மையால் போட்ட பிக்மென்ட் பிரிண்ட். சிலர் அதைப் பிரெஞ்சுப் பெயரால் ‘ஜிக்லே’ என்பார்கள், இயந்திரம் இங்க்ஜெட்தான். அதில் இழுக்கு ஏதும் இல்லை. நல்ல மையும் நல்ல தாளும் சேர்ந்தால் பழைய சி-பிரிண்டைவிட நெடுங்காலம் வரும். தாளின் பெயரையும் மையின் பெயரையும் கேலரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தாள் சில வேளை சாட்சியும் சொல்லும். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் 1940ல் மறைந்தார். அவர் போட்ட விண்டேஜ் பிரிண்ட்கள் என்று 1990களில் விற்கப்பட்டவற்றில் சில, புற ஊதா விளக்கில் நீல வெண்மையாக ஒளிர்ந்தன. அந்த ஒளிர்வைத் தரும் வெண்மையூட்டிகள் 1950களில்தான் புகைப்படத் தாள்களில் சேர்க்கப்பட்டன. ஹைன் இறந்தபின் செய்த தாள் அது என்பதற்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. கள்ள நோட்டு பார்க்கும் சின்ன ஊதா விளக்கே இந்த முதல் சோதனைக்குப் போதும். ஒளிர்ந்தால் 1950க்கு முந்தையது என்ற பேச்சு பொய். ஒளிராவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை, ஏனெனில் வெண்மையூட்டி சேர்க்காத தாள்கள் இன்றும் வருகின்றன.

கேலரிக்காரரிடம் பேசுவது

புகைப்படத்தை ஓவியத்துக்கு நிகராகச் சுவரில் மாட்டி விற்கும் முயற்சியை 1905ல் நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் தொடங்கினார். பிறகு வெகுகாலம் அதற்கு ஆதரவில்லை. 1969ல் லீ விட்கின் நியூயார்க்கிலும், 1971ல் சூ டேவிஸ் லண்டனிலும் கேலரி திறந்த பிறகே இன்றைய சந்தை உருவானது. 1975 முடிவோடு இனி பிரிண்ட் ஆர்டர் ஏற்கப்போவதில்லை என்று ஆடம்ஸ் அறிவித்ததும் கேலரிகளிடமிருந்து 3,000 பிரிண்ட்களுக்கு மேல் ஆர்டர் குவிந்தது. அவற்றைப் போட்டுக் கொடுக்கவே அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

விற்ற விலையில் பாதியளவு கேலரிக்குப் போவது வழக்கம். அதை அநியாயம் என்று நினைக்க வேண்டாம். கண்காட்சி, பாதுகாப்பு, காப்பீடு, ஒரு கலைஞருக்காகப் பத்து ஆண்டு பேசிக்கொண்டே இருப்பது எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பாதிக்கு ஈடாக நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது அறிவும் பொறுப்பும். கலைஞரின் பிரதிநிதியாக இருக்கும் கேலரியா, வேறொருவரிடம் வாங்கி மறுவிற்பனை செய்யும் கேலரியா என்று முதலிலேயே கேளுங்கள். மறுவிற்பனையானால், முன்பு யார் யாரிடம் இருந்தது என்ற வரலாறு எழுத்தில் வேண்டும்.

சுவரில் கண்ணாடிக்குள் இருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரேம் இல்லாமல் மேசைமேல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இது வழக்கமான வேண்டுகோள்தான், எவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் நேர் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புக்குள் விவரம் இருக்கிறதா, வெள்ளை வெறும் தாளாக வெளுத்துவிட்டதா என்று கவனியுங்கள். பிறகு பிரிண்டைக் கேலரிக்காரரே சாய்த்துப் பிடிக்கட்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் நகம் பட்ட பிறை வடிவப் பள்ளங்களும், மடிப்பும், பூஞ்சை மங்கலும் தெரியும். பழைய சில்வர் பிரிண்டின் இருண்ட விளிம்புகளில் நீலம் கலந்த வெள்ளி மினுக்கம் தெரிந்தால், அது வயதின் அடையாளம். நியாயமான அளவில் இருந்தால் பலர் அதை விரும்பவே செய்கிறார்கள். கடைசியாகப் பின்புறம். கையெழுத்து, தேதி, முத்திரை, பழைய கேலரிகளின் சீட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். பல நேரம் முன்புறத்தைவிடப் பின்புறத்தில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன்.

பிடித்திருந்தால் சில நாள் எடுத்து வைக்கச் சொல்லலாம். தவணையில் கொடுக்கலாமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல கேலரிகள் ஒப்புக்கொள்ளும். ஒரே கலைஞரின் இரண்டு பிரிண்ட் வாங்குபவருக்கோ, திரும்பத் திரும்ப வருபவருக்கோ சிறிய தள்ளுபடி கிடைக்கலாம். காய்கறிச் சந்தையைப்போல் பேரம் பேசினால் அடுத்த முறை நல்ல பிரிண்ட் வரும்போது உங்கள் பெயர் அவர்கள் நினைவுக்கு வராது. வரி, பிரேம், அனுப்பும் செலவு விலையில் சேர்ந்ததா என்று மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லாபத்துக்காக வாங்காதீர்கள். நீங்கள் நாளை விற்கப்போனால் கேலரி தன் பங்கை எடுத்துக்கொள்ளும், ஏலம் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். வாழும் கலைஞர்கள் பெரும்பாலோரின் பிரிண்ட் வாங்கிய விலைக்கே திரும்ப விற்பது அரிது. பத்தாண்டு தினமும் பார்த்தாலும் அலுக்காது என்று தோன்றும் படத்தை வாங்குங்கள். அந்தப் பார்வையைப் பழக்கிக்கொள்ள, வாங்குவதற்கு முன் அசல் பிரிண்ட்களை நிறையப் பார்க்க வேண்டும். பெங்களூரில் 2023ல் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகமும், 2016ல் தொடங்கிய சென்னை புகைப்பட பைனாலேயும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்தபின்

சில்வர் பிரிண்ட், சி-பிரிண்ட் போன்றவற்றின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். ஈரத்தில் இளகும், பூஞ்சைக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் உணவாகும். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் அதற்கு நல்லது. சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் 70ஐத் தாண்டுவது சாதாரணம். ஆகவே வெளிநாட்டு நூல்களின் யோசனைகளை நாம் இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உட்சுவர் தேர்ந்தெடுங்கள். வெயில் நேராக விழும் இடமும், சமையலறையை ஒட்டிய இடமும் வேண்டாம். பிரேம் கடையில் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியவை உண்டு. லேமினேஷன் கூடாது. ஹார்ட்போர்டில் பசை போட்டு ஒட்டக்கூடாது, செலோடேப் கூடாது. அமிலமில்லாத பருத்தி அட்டையில், மூலைகளைத் தாள் மடிப்புகளால் பிடித்து உட்கார வைக்க வேண்டும். பிரிண்ட் கண்ணாடியைத் தொடவே கூடாது; ஈரக் காலத்தில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க வழியில்லை. நடுவே ஜன்னல் வெட்டிய அட்டை அந்த இடைவெளியைக் கொடுக்கும். இந்த அட்டையும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் பெருநகரங்களில் சில கடைகளில்தான் கிடைக்கின்றன. கேலரியிடமே பிரேம் செய்யச் சொல்வது செலவானாலும் நல்லது.

மாட்டாத பிரிண்ட்களை அமிலமில்லாத உறையில், படுக்கை வாக்கில் வையுங்கள். பிளைவுட் அலமாரியைவிட இரும்பு பீரோ நல்லது, ஏனெனில் மரமும் பிளைவுட்டும் ஒட்டுப்பசையும் வெளிவிடும் ஆவி வெள்ளியைத் தாக்கும். பட்டுப்புடவைக்குப் போடும் அந்துருண்டையை அந்தப் பீரோவில் போடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள்.

ரசீது, சான்றிதழ், பிரிண்டின் நிலையைக் கேலரி எழுதித் தந்த அறிக்கை, கேலரியோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, பிரிண்டின் முன்புறத்தையும் பின்புறத்தையும் படமெடுத்து அதோடு சேருங்கள். பிரிண்ட் உங்களுடையது, காப்புரிமை கலைஞருடையது என்பதையும் நினைவில் வையுங்கள். நாட்காட்டியிலோ புத்தக அட்டையிலோ அந்தப் படத்தைப் போட அவர் அனுமதி வேண்டும். உங்களுக்குப் பிறகு அந்தப் பிரேமுக்குள் இருப்பது என்ன என்று வீட்டில் எவருக்கும் தெரியாமல் போனால், பழைய காலண்டரோடு சேர்ந்து அதுவும் எடைக்குப் போய்விடும். வாங்கிய வாரமே ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி, கோப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.